ரெண்டு ஸ்டெப்னி லெஸ்டர்

என் வீட்டுக்காரரை எங்கள் ஊரில் யாரும் லெஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. ரெண்டு ஸ்டெப்னி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் எல்லாம் ஒரு ஸ்டெப்னியோடு, சில பேர் அதுவும் இல்லாமல், இந்தச் சிவப்பு மணலில் வண்டி ஓட்டுகிறார்கள். இவருக்கு மட்டும் இரண்டு வேண்டும். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது அரை மணி நேர வேலை. அதற்கும் இரண்டு ஸ்டெப்னி, மண்வெட்டி, கயிறு, கித்தான், மூன்று இடத்தில் தீப்பெட்டி, ஊர்ப்பட்ட தண்ணீர் எல்லாம் வண்டியில் ஏறும்.

புறப்படும் முன் வண்டியை மூன்று முறை சுற்றி வருவார். டயரை உதைப்பார், குனிந்து அடியில் பார்ப்பார். ஒன்பதாவது போர்வெல் பக்கத்தில் இருப்பதால் ஒன்பதாம் போர் என்று பெயரான எங்கள் ஊரின் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப் பயல்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

"என்ன ஸ்டெப்னி, சந்தையில மாடு பாக்குற மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குற? வாங்கப் போறியா?"

"அது உன் வண்டிதான்யா! ஏறி உக்காரு!"

இவரோ நாலாவது சுற்று சுற்றுவார். எனக்கே எரிச்சலாக வரும். "போய்த் தொலையேன்யா" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! ஆனால் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் பத்தொன்பது வயதில் வண்டி பஞ்சராகி, இருந்த ஒரே ஸ்டெப்னியும் கிழிந்துபோக, நடந்தே வந்துவிடலாம் என்று வண்டியை விட்டு இறங்கிப் போனவர். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. அதற்கப்புறம்தான் அவர் கிடைத்தார், வண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி. இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவர் பெயரை நாங்கள் இன்றுவரை சொல்வதில்லை. அன்றிலிருந்து லெஸ்டருக்கு இரண்டே வேதம்தான். ஒன்று, தண்ணீரைப் பார். இன்னொன்று, என்ன ஆனாலும் வண்டியை விட்டுப் போகாதே.

அவருக்கு இன்னொரு பயமும் உண்டு. அது என் அம்மா.

அம்மா கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பாலைவனத்துப் பழங்குடியில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. ஒருவர் குரல் இன்னொருவர் காதில் விழக் கூடாது, பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. பகையினால் அல்ல, மரியாதையினால்தான். பெண்ணைக் கொடுத்தவள் அவ்வளவு பெரிய ஆள். என் சித்தப்பா ஒருவர் ஒருமுறை கடைக்குள் ஓடி வந்து மாமியார் மேலேயே மோதிவிட்டார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் வெட்கம் தாங்காமல் அந்த வாரமே கடற்கரைப் பக்கம் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. சித்தி இங்கே தனியாகக் கிடக்கிறாள்.

அம்மாவுக்கும் லெஸ்டருக்கும் நடுவில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தோம். ஒன்று நான். இன்னொன்று பட்டன் என்கிற நாய். அம்மா சாம்பலில் ரொட்டி சுட்டால் ஒரு துண்டைத் துணியில் முடிந்து பட்டன் கழுத்தில் கட்டிவிடுவாள். அது நேராக லெஸ்டர் முன்னால் வந்து நிற்கும். லெஸ்டர் வேட்டைக்குப் போய்வந்தால் கங்காரு வாலைச் சாக்கில் சுற்றி அதன் முதுகில் கட்டி அனுப்புவார். சாக்கோடு சேர்த்துக் கொஞ்சம் கடித்துவிட்டுத்தான் பட்டன் கொண்டுபோய்ச் சேர்க்கும். "உன் புருஷன் குடுத்தத நாய் தின்னுது, நாய் தின்னது போக நான் திங்கிறேன்" என்பாள் அம்மா. ஆனால் அவர் அனுப்பியதை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அம்மாவின் சிறுநீரகம் கெட்டுப்போகும்வரை. அதன் பிறகு அவள் டவுனில்தான் இருக்க வேண்டியதாயிற்று. வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். டவுன் எங்கள் ஊரிலிருந்து ஒரு முழுப் பகல் ஓட்டம். நடுவில் மணலும் முள்புல்லும் தவிர ஒன்றும் இல்லை.

பிப்ரவரி மாதம், எங்கள் பக்கத்தில் அது நடுக்கோடை, பெரியம்மா இறந்துபோனாள். அக்காவை மண்ணில் வைக்க அம்மா வராமல் இருப்பாளா? புதன்கிழமை மெஷினிலிருந்து இறங்கி ஏதோ ஒரு வண்டியில் ஏறி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முறை தவறிப்போயிற்று. சனிக்கிழமை அடக்கம். எங்கள் ஊர் மருத்துவ நிலையத்து சிஸ்டர் யூனிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேவிஸ், திங்கட்கிழமை காலையில உங்கம்மா மெஷின்ல இருக்கணும். பாத்தியா, கால் எப்படி வீங்கியிருக்கு? இன்னொரு நாள் தள்ளிப்போச்சுன்னா அடுத்த அடக்கம் யாருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

ஊர் பஸ் செவ்வாய்க்கிழமைதான். அடக்கத்துக்கு வந்த வண்டிகள் எல்லாம் வேறு திசையில் போகிறவை. ஓடுகிற வண்டி, நம்பிக்கையான வண்டி என்றால் லெஸ்டருடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வண்டி தயாராக நின்றது. வழக்கமாக ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுவோம். போர்வைக்குப் பின்னால் அம்மா, முன்னால் அவர், நடுவில் நான். "மெதுவா ஓட்டச் சொல்லு", "தலைய உள்ள வெச்சுக்கச் சொல்லு" என்று இரண்டு பக்கமும் காதோடு காதாகக் கடத்திக்கொண்டே போவேன். அன்றைக்குப் பார்த்து என் சின்னவளுக்குக் காதில் சீழ், நெருப்பாய்க் காய்ச்சல். எனக்குப் பதிலாக வருகிறேன் என்று சத்தியம் செய்த குளோரியா அத்தை எங்கேயோ சீட்டாடப் போய்விட்டாள்.

லெஸ்டர் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார், எத்தனையாவது சுற்றோ.

"நடுவுல ஆள் இல்லாம நான் எடுக்க மாட்டேன் மேவிஸு. வழியில ஒண்ணுன்னா நான் எப்படிக் கேப்பேன்? அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"ஏன், பட்டன் இருக்குல்ல? அத நடுவுல உக்கார வை."

"வெளையாடாத. தண்ணி கேனு எல்லாம் வேற துக்க வீட்டுல இருக்கு. போய் எடுத்துட்டு வந்துரட்டுமா?"

அவர் வண்டியில் இருந்த நாலு கேனையும் முந்தின நாள் துக்கத்துக்கு வந்தவர்களின் தேநீருக்காக நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அழுதுட்டிருக்கிற வீட்டுல போய் தண்ணி கேனத் திருப்பிக் கேப்பியா? மானம் இருக்காய்யா உனக்கு? வண்டிக்கு அடியில தொட்டி நெறைய தண்ணி இருக்கு. அதுக்கு மேல என்ன ஆயிரும்? நீதான் ரெண்டு ஸ்டெப்னி வெச்சிருக்கியே!"

சொன்னேன், இதே வாயால்தான் சொன்னேன். அவர் முகம் சிறுத்துப்போயிற்று. அம்மா ஏறுவதைப் பார்க்காதபடி மேற்கே திரும்பி நின்றுகொண்டார். அம்மா பின்கதவு வழியாக ஏறினாள். மடியில் மருந்துப் பை, கையில் டாக்டர் ஒரு நாளைக்கு அளந்து கொடுத்த சின்னத் தண்ணீர் பாட்டில். பட்டன் குதித்து ஏறியது. உச்சிவேளையில் ரேடியோவில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சாட்டிலைட் போன் எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம் அது.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு இரண்டு பாதியாகத்தான் கிடைத்தது. ஒரு பாதி அம்மா சொன்னது, ஒரு பாதி அவர் சொன்னது. இரண்டையும் ஒட்டவைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது.

மூன்று மணி நேரம் ஓட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு கல் பாதை. அம்மா எப்போதும் பின்கண்ணாடி பக்கமாகத் திரும்பித்தான் உட்காருவாள். பார்த்துக்கொண்டே வந்தவள், வண்டி வந்த வழி நெடுக மணலில் ஈரக்கோடு ஒன்று கூடவே வருவதைக் கண்டாள். கல் தெறித்துத் தொட்டியின் குழாய் உடைந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது!

அம்மா பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினாள். லெஸ்டர் நிறுத்தினார். நிறுத்தி என்ன செய்தார்? பெரியவள் ஒதுங்கத்தான் தட்டுகிறாள் என்று இறங்கி, முன்பக்கமாக ஐம்பது எட்டு நடந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். அம்மா இறங்கி உடைந்த குழாயைப் பார்த்தாள். கத்த முடியாது. கூப்பிட முடியாது. கிட்டப் போக முடியாது. கையை ஆட்டினால் அவர் திரும்பிப் பார்ப்பாரா? செத்தாலும் பார்க்க மாட்டார். கிடைத்த குச்சியைச் செருகிப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில் தலைத்துணியை அவிழ்த்து, ஒழுகுகிற தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைத்தாள். வண்டிக்குள் ஏறிப் பட்டன் கழுத்தில் கட்டி, போர்வைக்கு அடியில் முன்னால் தள்ளிவிட்டாள். தண்ணீர் போகிறது, பார் என்று அதற்கு அர்த்தம்.

லெஸ்டர் வந்து சீட்டில் ஏறினார். பட்டன் கழுத்தில் ஈரத்துணி. வெயில் அன்றைக்கு அப்படிக் கொளுத்தியது. ஐயோ, மாமியார் நமக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாள் என்று மனம் உருகி, அந்தத் துணியை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்!

"போர்வையில ஒரு கிழிசல் இருக்குல்ல, அது வழியா துணி அவன் கழுத்துல தெரிஞ்சுது" என்றாள் அம்மா. "அடப்பாவின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். மறுபடி தட்டுனா மறுபடி எறங்கி முதுகக் காட்டிட்டு நிப்பான். நான் என்னடி பண்ணுவேன்?"

அப்புறமும் இரண்டு முறை தட்டியிருக்கிறாள். இரண்டு முறையும் அவர் இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். வயதானவர்களுக்கு அடிக்கடி வரும்தானே என்று நினைத்தாராம். அந்த அம்மாவுக்குச் சிறுநீரே போவதில்லை என்பது நினைவுக்கு வரவில்லையாம். எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கல் பாதை முடிந்து பெரிய மணல் மேட்டில் ஏறும்போது கிளட்ச் எரிந்துபோயிற்று. அவரால் சரிசெய்ய முடியாத பழுது ஊரில் கிடையாது. ஆனால் கிளட்ச் தட்டு இல்லாமல் அவரும் என்ன செய்வார்? பரவாயில்லை, தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, உட்கார்ந்தால் வந்துவிடுவார்கள் என்று குவளையோடு பின்னால் போனார். அதற்குள் அம்மா இறங்கி வண்டியின் அந்தப் பக்க நிழலுக்குப் போய்விட்டிருந்தாள். குழாய் இருந்த இடத்தில் ஒரு பொத்தல். தொட்டியைத் தட்டினால் வெறும் தகரச் சத்தம்.

கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தாராம். அது காய்ந்து மொடமொடவென்று இருந்ததாம். அப்போதுதான் புரிந்தது.

"மேவிஸு, அந்த எடத்துலயே எனக்கு உசுரு போயிருச்சு" என்றார்.

ரேடியோவைப் போட்டால் கோடைப் பகலில் வழக்கமாக வருகிற கரகரப்பு மட்டும். அம்மாவின் சின்ன பாட்டில் வழியிலேயே காலியாகியிருந்தது, அவரிடம் இருந்தது அரை பாட்டில் தண்ணீர். அதைப் பட்டன் கழுத்தில் கட்டி அந்தப் பக்கம் அனுப்பினார். பட்டன் பாட்டிலோடு அப்படியே திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. நாலு நடை! நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த நாய் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது, இரண்டு பேரும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பிடிவாதக் கழுதைகள் இவர்கள்தான். ஐந்தாவது தடவை பாட்டில் வரவில்லை. அம்மா குடித்துவிட்டாள் என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

அம்மா குடிக்கவில்லை. அதைப் பட்டனுக்கு ஊற்றிவிட்டாள். அவளுக்கு வேறு கணக்கு. அந்த மணல் மேடு அவள் பிறந்த பக்கம். மேட்டுக்கு வடக்கே, பாறை தலைகாட்டுகிற இடத்தில், மணலைத் தோண்டினால் ஊற்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "நான் மெஷினால உசுரோட இருக்கிறவ. என்னிக்கிருந்தாலும் போறவ. அவன் போனா உனக்கும் புள்ளைக்கும் யாருடி?" என்று என்னிடம் பிறகு கேட்டாள். மணலில் விரலால் ஒரு வட்டம், அதற்குப் போகும் கோடு, பக்கத்தில் தன் காலடி என்று வரைந்து வைத்துவிட்டு, காலி பாட்டிலும் மருந்துப் பையுமாகப் போய்விட்டாள். வீங்கிய கால்களோடு, அந்த வெயிலில், நாயைக் கூட்டிக்கொண்டு!

அவர் எப்படிக் கவனிக்காமல் இருந்தார் என்று கேட்பீர்கள். திரும்பிப் பார்த்தால்தானே கவனிப்பதற்கு? அந்தப் பக்கம் சத்தமே இல்லையே, ஒருவேளை மயங்கிவிட்டாளோ என்று பயம். எட்டிப் பார்க்கவும் பயம். தகரத்தை லேசாகத் தட்டுவாராம். பதில் இருக்காது. தூங்குகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னார்.

பிறகு மேட்டின் மேலிருந்து பட்டன் தனியாக ஓடி வந்தது. கழுத்தில் பாட்டில். பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேற்றுத் தண்ணீர்.

கிடைத்த முதல் தண்ணீரை அம்மா அவருக்கு அனுப்பியிருக்கிறாள்.

லெஸ்டர் அந்தப் பக்கம் போய்க் காலி நிழலைப் பார்த்தார். மணலில் வரைந்திருந்ததைப் பார்த்தார். வருவாள் என்று சிறிது நேரம் காத்திருந்தார். பட்டன் மேட்டின் மேல் ஏறி நின்று ஊளையிட்டது. வண்டியை விட்டுப் போகாதே என்று அண்ணன் செத்த நாளிலிருந்து தலைக்குள் ஒலித்துக்கொண்டிருந்த குரல் ஒரு பக்கம். மாமியார் இருக்கும் இடத்துக்குப் போகாதே என்று பிறந்ததிலிருந்து பழகிய கால்கள் ஒரு பக்கம். ஒரு ஸ்டெப்னியில் டீசலை ஊற்றிக் கொளுத்தினார். யாராவது புகையைப் பார்க்கட்டும். கித்தானையும் கயிற்றையும் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைக் காலடித் தடத்திலேயே வைத்துக்கொண்டு மேடேறினார்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகொரு நாள் இரண்டு பேரிடமும் கேட்டேன்.

"தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்மா.

"குழி பக்கத்துல கித்தான விரிச்சுட்டுத் தள்ளி நின்னேன். அவங்களே ஏறிப் படுத்துக்கிட்டாங்க. கயித்தத் தோள்ல போட்டு முன்னால பாத்தபடியே இழுத்துட்டு வந்துட்டேன். தொடல, பாக்கல" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இப்போது என் பங்கு. உச்சிவேளையில் நான் மருத்துவ நிலையத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன், மடியில் காய்ச்சல்காரச் சின்னவள். மணி பன்னிரண்டு. கரகரப்பு. பன்னிரண்டரை. கரகரப்பு.

"கோடையில அப்படித்தான் மேவிஸ். நாலு மணிக்குக் கூப்பிடுவார் பாரு" என்றார் சிஸ்டர் யூனிஸ்.

"சிஸ்டர், அந்த ஆளு பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுற ஆளு. சத்தம் வரலன்னா மேட்டு மேல ஏத்தி நிறுத்தியாவது கூப்பிடுவாரு. ஏதோ ஆயிருச்சு."

"நீங்க எல்லாரும் அவரைக் கேலி பண்ணுவீங்க. இப்ப நீயே அவரை மாதிரிப் பேசுற."

நான் சின்னவளை அவர் கையில் திணித்தேன். போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். என் தம்பி கிளைவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தட்டோடு எழுப்பினேன். துக்க வீட்டுக்குப் போய், அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நுழைந்து, நாலு கேனையும் நானே எடுத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அவரையே போய் எடுத்துவர விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கிளைவ் தன் ஓட்டை வண்டியை ஓட்டினான். கல் பாதையில் அவன் திடீரென்று நிறுத்தி இறங்கி மணலைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த பிறகும் அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அவனைப் போலத் தடம் படிக்கிறவன் கிடையாது.

"க்கா, இங்கேர்ந்து தண்ணி ஒழுகியிருக்கு. தொட்டித் தண்ணி."

"ஓட்டுடா."

"மூணு எடத்துல மச்சான் எறங்கி நின்னிருக்காரு. எதுக்கு நின்னாரு? நின்னவரு ஏன் பாக்கல?"

"ஓட்டுடான்னு சொல்றேன்ல!"

எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தால் ஒரே ஒரு வார்த்தை. அதை நினைத்து நினைத்து வண்டிக்குள் ஊமையாக அழுதேன். வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது வானத்தில் கறுப்புப் புகை தெரிந்தது, நேராக, கம்பம் நட்டது போல. டயர் புகை. ஒன்று எரிந்து முடிந்து இரண்டாவது எரிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாவது ஸ்டெப்னி இல்லையென்றால் நாங்கள் பின்னிரவுவரை தேடிக்கொண்டிருப்போம்.

அம்மா வண்டி நிழலில் கித்தான் மேல் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி. கண் மூடியிருந்தது. மூச்சு இருந்தது. "ம்மா" என்றேன். இமை அசைந்தது. லெஸ்டர் ஐம்பது எட்டுத் தள்ளி, வெட்டவெளியில், வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்க் கேனை நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"மருந்துப் பை ஊத்துக்கிட்டயே கெடக்கு. போய் எடுத்துட்டு வா."

"இப்ப மருந்துப் பைதான் குறைச்சலா? க்ளைவ் போவான்."

"க்ளைவ அனுப்பாத." அப்போதுதான் நிமிர்ந்தார். உதடு வெடித்து ரத்தம். "நீயே போ மேவிஸு. நீ மட்டும் போ. இப்பவே போ."

அந்தக் குரலைக் கேட்டபின் அம்மாவைக் கிளைவிடம் விட்டுவிட்டு மேடேறினேன். கித்தான் இழுபட்ட தடம் அகலமாக, வழவழவென்று இருந்தது. அவர் காலடிகளை அதுவே அழித்துக்கொண்டு வந்திருந்தது. தொடாமல், பார்க்காமல் இழுத்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஊற்றுக் குழிக்குப் பக்கத்தில் பை கிடந்தது. அதற்கு ஓரடி தள்ளி மணலில் எல்லாம் எழுதியிருந்தது. இதை எங்கள் ஊரில் நான் வாய் திறந்து சொன்னதில்லை. நீங்கள் தூரத்து ஆட்கள் என்பதால்தான் சொல்கிறேன். அம்மா விழுந்த இடம் ஒரு பள்ளம். அங்கேயிருந்து அவள் குதிகால் இரண்டும் கீறிக்கொண்டு பாறை நிழலுக்கு வந்திருந்தன. அந்த நிழலில் ஒரு ஆணின் இரண்டு முழங்கால்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. அம்மாவின் தலை அந்த முழங்கால்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது. அவள் தலைமுடி மணலைக் கோதியிருந்த கோடுகள்கூட இருந்தன. சுற்றிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்த குழிகள். ஒன்றிரண்டு இல்லை, ஏகப்பட்டது. கையில் அள்ளி, விரல் வழியாக, மெதுவாக, நெடுநேரம் கொடுத்திருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் வாயில் தண்ணீர் விட முடியுமா?

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படிப்பட்ட மனிதர் இவர்! தன் நிழல் மாமியார் நிழலில் படக் கூடாது என்று சுற்றி நடக்கிறவர். இது தெரிந்தால் யாரும் அவரை அடிக்கப் போவதில்லை, திட்டக்கூட மாட்டார்கள். ஆனால் ஊருக்குத் தெரியும் என்பதே அவருக்குப் போதும். என் சித்தப்பா போன வழியில் போய்விடுவார். அம்மாவும் தலை நிமிர மாட்டாள். டவுன் பக்கமிருந்து தூசி கிளம்பி வந்துகொண்டிருந்தது. போலீஸ் வண்டி. அதில் தடம் பார்க்க எங்கள் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். மேட்டுக்குக் கீழே கிளைவ் வேறு இருக்கிறான்.

முல்கா மரத்தில் ஒரு கொப்பை ஒடித்தேன். முழங்கால்களைத் துடைத்தேன். குதிகால் கீறல்களைத் துடைத்தேன். முடிக் கோடுகளை, சொட்டுக் குழிகளை, ஒவ்வொன்றாகப் பெருக்கினேன். பிறகு அதன் மேலெல்லாம் நானே பிள்ளைபோல் குதித்து நடந்து என் காலடியைப் பதித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"என்னக்கா, கையில கொப்பு?" என்றான் கிளைவ்.

"ஈ மொய்க்குதுடா."

அவன் கொப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். மேலே போகவில்லை. என் தம்பி முட்டாள் இல்லை.

போலீஸ் வண்டி அம்மாவை நிற்காமல் டவுனுக்குக் கொண்டுபோயிற்று. திங்கட்கிழமை விடியுமுன்னே மெஷினில் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னாள். அவள் குறை சொல்லத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் பசியே எடுத்தது. நானும் கிளைவும் கட்டிலுக்கு இரண்டு பக்கம். லெஸ்டர் வெளியே, ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளிப் புல்தரையில், முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் பட்டன். மூன்று நாளாக என்னிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. இவர் போய்விடப்போகிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நர்ஸ் வந்து கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் புரட்டினாள்.

"பாட்டியம்மா, உங்க ராசி நல்ல ராசி. அந்த வெயில்ல வேற யாராச்சும்னா பயந்துபோய் கடகடன்னு ஊத்திவிட்டிருப்பாங்க, உங்க ஒடம்பு தாங்கியிருக்காது. ஒண்ணுமே குடுக்காம விட்டிருந்தாலும் போயிருப்பீங்க. யாரோ பக்கத்துல உக்காந்து சொட்டுச் சொட்டா, பாத்துப் பாத்துக் குடுத்திருக்காங்க. யாரு குடுத்தது?"

கிளைவ் தரையைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

இருபது வருஷத்தில் லெஸ்டர் காதில் விழும்படி என் அம்மா ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கு, பிணியாளியின் குரலில் இல்லை, ஊரைக் கூப்பிடுகிற குரலில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாய்தான் குடுத்துச்சு! வேற யாரு? எங்க வீட்டு நாய். அது மாதிரி நல்ல நாய் இந்தப் பக்கத்துலயே கெடையாது. அது எங்கயும் போயிரக் கூடாது!"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கிளைவும் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே. வெளியே லெஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அதன் கழுத்து மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

நான் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அம்மா அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதல்லவா.